குளிர்காலத்திலும் குடுவைக்கு வரும் ஹம்மிங் பறவை: கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் பிறந்தும் எங்கள் சியாட்டில் வீட்டுச் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு ஒரு ஹம்மிங் பறவை வருகிறது. குடுவையை எடுக்காததால்தான் அது தெற்கே போகவில்லையா?

பதில்: இல்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அது அன்னா ஹம்மிங் பறவை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. நூறாண்டுக்கு முன் கலிபோர்னியாவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும்தான் கூடு கட்டியது. தோட்டங்களில் நட்ட யூகலிப்டஸ் போன்ற அயல் மரங்களின் பூக்களும் வீட்டுக் குடுவைகளும் துணைநிற்க வடக்கே பரவியது. 2017-இல் வான்கூவர் மக்கள் வாக்களித்து இதையே தங்கள் நகரப் பறவையாக்கினார்கள்.

கேள்வி: அக்கா, வெல்லம் கரைத்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெல்லத்திலுள்ள இரும்புச்சத்து அதற்குக் கேடு. தேனில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சாயம் வேண்டாம்.

கேள்வி: காலையில் பார்த்தால் குடுவை உறைந்துகிடக்கிறது. பத்து மணிக்கு மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. அதன் எடை நான்கு கிராம் சொச்சம்தான். உறைபனி இரவில் உடற்சூட்டைக் காத்துக்கொண்டே இருந்தால் சேமித்த கொழுப்பெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் வெகுவாகத் தாழ்த்தி, செத்ததுபோல் கிளையில் அமர்ந்திருக்கும். அப்படிக் கண்டால் தொடாதீர்கள். விடியலில் உடலைச் சூடேற்றி எழுவதற்கே மிச்சமிருந்ததில் ஒரு பகுதி செலவாகிவிடும். அந்த நேரத்தில் குடுவை பனிக்கட்டியாக இருந்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் குடுவை வைப்பவருக்கு முதல் கடமை விடியல்தான். இரண்டு குடுவைகள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் உள்ளே எடுத்து, இருட்டு விலகுமுன் மாட்டுங்கள். நான் அலாரம் வைத்துத்தான் எழுகிறேன்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன் அம்மா. மதுரையில் எங்கள் செம்பருத்திக்கு வருவதும் இதுதானே?

பதில்: அது தேன்சிட்டு, ஐயா. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். இதுவோ அந்தரத்தில் நின்று குடித்துவிட்டுப் பின்னோக்கியும் பறக்கும். நாளை கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். பறவை பட்டினி கிடக்குமா?

பதில்: அது ஒரே வீட்டை நம்பியிருப்பதில்லை, சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்னும். ஆனால் ஜனவரியில் உறைபனி நாட்கள் வரும். பக்கத்து வீட்டாரிடம் குடுவையைக் கொடுத்து, விடியுமுன் மாட்டச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.