ரோமானிய வெள்ளி நாணயச் சேகரிப்பை எந்த நாணயத்தில் தொடங்கலாம்?

பண்டைய ரோமின் வெள்ளி நாணயங்களைச் சேகரிக்க ஆசை, கையில் பெரிய தொகை இல்லை, ஜூலியஸ் சீசரில் தொடங்கலாமா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீசரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவர் பெயரோடு யானை உருவம் பொறித்து வெளிவந்த வெள்ளி நாணயத்தை உலகம் முழுவதும் தேடுகிறார்கள். விலையும் அதிகம், போலியும் அதிகம். மத்தேயு 22ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் காட்டப்படும் வரிப் பணம் இதுதான் என்று சொல்லி விற்கப்படும் பேரரசர் டைபீரியஸின் நாணயமும் அப்படியே. அது அரிய நாணயமே அல்ல. வேதாகமத் தொடர்புதான் அதன் விலையை ஏற்றிவிட்டது. பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்று மனம் கேட்டால், மார்க் ஆண்டனி கி.மு. 32-31இல் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அச்சிட்ட நாணயங்களில் தேய்ந்த ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் படைக்கொடிகளுக்கு நடுவே கழுகு. வெள்ளி சற்று மட்டம் என்பதால் மக்கள் அதை உருக்காமல் தலைமுறை தலைமுறையாகப் புழங்கினார்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஃபாஸ்டினா. மூத்த ஃபாஸ்டினா பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி. கி.பி. 140 வாக்கில் இறந்தார். செனட் சபை அவரைத் தெய்வமாக அறிவித்தது. கணவர் அதன் பிறகு 161 வரை ஆண்டார். அந்த இருபது ஆண்டும் மறைந்த மனைவியின் முகத்தைப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நாணயம் வெளிவந்ததால்தான் அவரது டெனாரியஸ், அதாவது அக்காலத்து வெள்ளிக்காசு, இன்றைக்கும் ஐரோப்பிய விற்பனையாளர்களிடம் எளிதாகக் கிடைக்கிறது. தேய்ந்தது ஐம்பது யூரோ அளவிலும், நன்றாக இருப்பது நூறைத் தாண்டியும் பெரும்பாலும் விலை போகிறது.

அதைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பாருங்கள். நம்முடைய பழைய 25 காசைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் தடிமனானது. எடை மூன்று கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் ஃபாஸ்டினாவின் தலை: பின்னல்களைத் தலையைச் சுற்றி மேலே ஏற்றி உச்சியில் சுருட்டி வைத்த கொண்டை. நல்ல நிலையில் உள்ள நாணயத்தில் பின்னலின் ஒவ்வொரு புரியும் தனித்தனியே தெரியும். தேய்ந்ததில் கொண்டை வெறும் மேடாக மழுங்கியிருக்கும். தேய்மானத்தை மதிப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. முகத்தைச் சுற்றி 'டிவா ஃபாஸ்டினா', தெய்வமாகிய ஃபாஸ்டினா. மறுபக்கம் 'அகஸ்டா' என்ற பட்டத்தோடு தீப்பந்தம் ஏந்தி நிற்கும் தானியத் தேவதை செரஸ் இருக்கலாம். சிலவற்றில் ஃபாஸ்டினாவுக்காகக் கட்டிய கோயிலே ஆறு தூண்களோடு இருக்கும். அந்தக் கோயிலின் தூண்கள் ரோம் நகரத்தில் ஃபோரம் என்ற பழைய பொதுச் சதுக்கத்தில் இன்றும் நிற்கின்றன. உள்ளே ஒரு தேவாலயம் இயங்குகிறது. கணவரும் இறந்த பிறகு, கோயில் முகப்புக் கல்வெட்டில் ஃபாஸ்டினா பெயருக்கு மேலே அவர் பெயரை ஒரு வரியாகச் சேர்த்தார்கள். காசில் இருக்கும் கட்டடத்தை நேரில் போய்ப் பார்க்க முடிகிற வாய்ப்பு இந்த விலையில் வேறெங்கே கிடைக்கும்?

ஃபாஸ்டினாவுக்குப் பிறகு பலர் பேரரசருக்கு ஒன்று என்று பட்டியல் போட்டு வாங்குகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு குறைவு. வெள்ளி எப்படிக் கரைந்தது என்ற கதையைச் சேகரியுங்கள் என்பேன். டெனாரியஸ் கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது பிறந்தது. அப்போது எடை நாலரை கிராம், ஏறக்குறைய சுத்த வெள்ளி. நீரோ கி.பி. 64இல் எடையையும் தூய்மையையும் சேர்த்தே குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அவர் மகன் கரகல்லா 215இல் கதிர்முடி, அதாவது சூரியக் கதிர் போன்ற முனைகளுள்ள முடி, சூடிய தலையோடு ஒரு புதிய நாணயத்தை வெளியிட்டார். எடை ஒன்றரை டெனாரியஸ். மதிப்பு இரண்டு டெனாரியஸ் என்பது பொதுவான கருத்து. அடுத்த அரை நூற்றாண்டில், கேலியெனஸ் ஆட்சியின் இறுதிக்குள், அதே கதிர்முடி நாணயம் மேலே வெள்ளிப் பூச்சு பூசிய செம்புக்காசாக இளைத்துவிட்டது. நீரோவுக்கு முந்திய ஒன்று, ஒரு ஃபாஸ்டினா, ஒரு செவரஸ், ஒரு கரகல்லா, ஒரு கேலியெனஸ் ஆகிய ஐந்தையும் வரிசையாக வைத்து எடை போட்டுப் பாருங்கள். ஒரு பேரரசின் கருவூலம் காலியானதை நிறத்திலேயே பார்த்துவிடலாம். எந்த வரலாற்றுப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை.

இந்தக் கதையின் ஓர் இழை கொங்கு நாட்டுக்கும் வருகிறது. கோவை வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலும், உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெனாரியஸ்களும் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் நாணயங்களே. நீரோவுக்குப் பிறகு வெள்ளி மட்டமானதும் இங்கிருந்த வணிகர்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். பேரரசரின் பட்டங்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் 'டி ஆர் பி' என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் அதிகாரம். பின்னால் எண் இருந்தால், நாணயம் எந்த ஆண்டில் அச்சானது என்றே சொல்லிவிடலாம். கையால் அடித்ததால் அச்சு ஒரு பக்கம் ஒதுங்கி, அந்த எண் விளிம்புக்கு வெளியே போய்விடுவதும் உண்டு. தேய்ந்திருந்தாலும் எழுத்து முழுதாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள். பேரரசுக் கால நாணயங்களின் வகைகளை அமெரிக்க நாணயவியல் கழகம் 'ஓக்ரே' (OCRE) என்ற இலவச இணையப் பட்டியலில் படங்களோடு தந்திருக்கிறது. வாங்கும் முன் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலிக்கு வருவோம். அசல் நாணயத்தை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அதனால் விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கும், வட்டம் சீராக இருக்காது. வார்த்தெடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் தெரியும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்துகள் கரைந்த சோப்பைப் போல மழுங்கியிருக்கும். ஒரே வடிவம், ஒரே வெடிப்பு, ஒரே தேய்மானத்தோடு இரண்டு நாணயங்களைக் கண்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு அவசியம். அச்சு வெட்டி அடித்த தேர்ந்த போலிகள் கடினமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெக்கர் செய்தவை அப்படிப் பெயர் பெற்றவை. அவற்றை நம் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது. எனவே அசல் என்று எழுத்தில் உத்தரவாதம் தந்து, தவறென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். வெள்ளித் தகடு போர்த்திய செம்புக்காசுகள் தனி வகை. அவை ரோமானியர் காலத்திலேயே செய்யப்பட்ட கள்ளக்காசுகள். தகடு உரிந்து செம்பு எட்டிப் பார்க்கும் அவற்றையும் நான் விரும்பி வாங்குவேன்.

"ஆற்று மணலில் கிடைத்தது, நேற்றுத்தான் எடுத்தார்கள்" என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு பானையில் எந்தெந்தக் காசுகள் சேர்ந்திருந்தன என்பதுதான் அந்தப் பானையின் செய்தி. ஒவ்வொன்றாக விற்றுவிட்டால் அதை மீட்கவே முடியாது. சீசரின் கொலையைக் கொண்டாடிப் புரூட்டஸ் வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. அதன் பூர்வீகச் சான்று பொய் என்று தெரிந்து 2023இல் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தாள் இல்லாத நாணயத்துக்கு விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. பிறகு வெளிநாட்டில் விற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வந்த நாணயத்தைப் புளி, பற்பசை, வெள்ளிப் பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். சாம்பல் நிறப் படிவு அதற்கு அழகு, பாதுகாப்பும்கூட. பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினை விட்டு வெள்ளியைக் கெடுக்கும். பாலியஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித உறையோ போதும். உறைக்குள்ளேயே ஒரு சீட்டில் எடை, விட்டம், பட்டியலில் உள்ள வகை எண், விற்றவர், வாங்கிய தேதி, முந்தைய உடைமையாளர் பற்றித் தெரிந்த விவரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். விற்பனையாளர் தந்த பழைய சீட்டு இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள்.