நடுவர் மதிப்பெண் போடும் விளையாட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜிம்னாஸ்டிக்ஸில் கீழே விழுந்தவர், விழாதவரை முந்திவிடுகிறாரே?

பதில்: 2006 முதல் அங்கே இரண்டு கணக்கு. வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று. அதற்கு உச்சவரம்பு கிடையாது. நேர்த்திக்கு இன்னொன்று, 10-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். விழுந்தால் முழுசாக 1 போகும். கடினத்தில் அதைவிட அதிகம் சேர்த்து வைத்திருப்பவர் விழுந்தும் முந்தலாம்.

விழாமலே இதைப் பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேடையில் கையூன்றித் தாவும் வால்ட் இறுதியில், இந்தியாவின் தீபா கர்மாகரின் முதல் வால்ட் சுத்தமானது. நேர்த்தி 8.866, கடினம் 6.0, மொத்தம் 14.866. அடுத்தது புரோடுனோவா, அதாவது கையூன்றி எழும்பி முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போடும் வால்ட். ஆழமாகக் குந்தித்தான் இறங்கினார், நேர்த்தி 8.266-க்கு இறங்கியது. ஆனால் கடினம் 7.0 என்பதால் 15.266! சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் 0.15-இல் நழுவியது.

கேள்வி: இன்றைக்கு அதே புரோடுனோவாவுக்கு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: ரியோவுக்கு அடுத்த ஒலிம்பிக்குக்கான விதிகளிலேயே அதன் கடினத்தை 6.4 ஆக்கிவிட்டார்கள். வெவ்வேறு காலத்து மதிப்பெண்களைத் தயவுசெய்து ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: பத்துக்குப் பத்து என்றால் குழந்தைக்கும் புரியும். அதை ஒழித்து ரசிகனை விரட்டிவிட்டார்கள்.

பதில்: 1976 மாண்ட்ரியலில் நாடியா கொமனேச்சி 10 வாங்கியபோது பலகையில் 10.00 காட்ட வழியில்லாமல் 1.00 என்று வந்தது. அந்தப் பத்தின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு வைத்தால், உயிரைக் கொடுத்துப் புது வித்தை செய்பவரும் பழையதைச் சுத்தமாகச் செய்பவரும் அதனடியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கேள்வி: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 6.0-ஐ உச்சமாக வைத்த பழைய மதிப்பெண் முறை ஏன் போனது?

பதில்: 2002 சால்ட் லேக் சிட்டி ஜோடிப் போட்டியில் நடுவர் முறைகேடு வெடித்து, இரண்டாவதாக ஒரு தங்கமும் கொடுக்க வேண்டிவந்தது. அதன் விளைவு.

கேள்வி: விழுந்தும் எப்படி ஜெயிக்கிறார்கள்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 1976-இன் 10 பெரிதா, இன்றைய 15 பெரிதா?

பதில்: ஒப்பிடாதீர்கள் என்று இப்போதுதான் சொன்னேன்.

கேள்வி: குத்துச்சண்டை நடுவர்கள்...?

பதில்: என் துறை இல்லை. அதில் நடுவராக இருந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பத்தைப் பற்றிக் கேட்டவன்தான். டைவிங்கில் மட்டும் பத்து எப்படி நிலைத்தது?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அங்கே ஏழு நடுவர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டைத் தள்ளி, மீதி மூன்றைக் கூட்டிக் கடின எண்ணால் பெருக்குவார்கள். 8.5, 8.5, 9 என்றால் 26, கடினம் 3.2 என்றால் 83.20. கடினத்துக்கும் கூலி உண்டு, பார்ப்பவருக்கும் பத்து உண்டு. தண்ணீர் தெறித்ததைப் பார்த்து "எட்டரை" என்று நாமே சொல்லி நடுவரோடு மல்லுக்கட்டலாம். ரசிகனை உட்கார வைப்பது அந்த ஊகம்தான்.

கேள்வி: அப்போது ஜிம்னாஸ்டிக்ஸிலும் பெருக்க வேண்டியதுதானே!

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு டைவ் ஒரே வித்தை. ஜிம்னாஸ்டிக்ஸில் பீம் என்ற குறுகிய கட்டைமேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வித்தைகள். பெருக்கினால் ஒரு சறுக்கல் மற்ற எல்லாவற்றின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஒளிபரப்பில் மொத்தத்தைச் சின்னதாகவும் பத்துக்கான நேர்த்தி எண்ணைப் பெரிதாகவும் காட்டட்டும். நீங்கள் கேட்கும் பத்து அங்கேயே இருக்கிறது.