ஜெனரேட்டர் அனுப்பலாமா, பணமாகக் கொடுக்கலாமா?

ஜெர்மனியில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து 9,000 யூரோ திரட்டியிருக்கிறோம். உக்ரைனில் கார்கிவ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஜெனரேட்டர் வாங்கி அனுப்பலாமா, இல்லை பணமாகக் கொடுத்துவிடலாமா? நாடு நாடாக இவ்வளவு உதவி போயும் அங்கே ஏன் இன்னும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2022 அக்டோபர் 10-ஆம் தேதியிலிருந்து ரஷ்யா உக்ரைனின் மின்கட்டமைப்பையே குறிவைத்து அடிக்கிறது. முதல் குளிர்காலத்தில் பெரும்பாலும் அடிவாங்கியவை சப்ஸ்டேஷன்கள், அதிலும் குறிப்பாக அங்கே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். இவை கடையில் வாங்கும் சாமான் இல்லை. ஒன்று இருநூறு டன் எடை வரும், ஆர்டர் கொடுத்தால் செய்து முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. உக்ரைனின் முதுகெலும்பு லைன்கள் சோவியத் காலத்து 330, 750 கிலோவோல்ட்டில் ஓடுகின்றன, மேற்கு ஐரோப்பாவில் 400. ஜெர்மனியோ பிரான்ஸோ மனசு வைத்துத் தங்கள் உதிரி டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலான இடங்களில் பொருந்தாது. அதே சோவியத் பாரம்பரியத்தில் 330 கிலோவோல்ட் வைத்திருந்த லிதுவேனியா தன்னிடமிருந்ததை அனுப்பியபோது அது நேராகப் பயன்பட்டது அதனால்தான்.

2024 வசந்தத்தில் தாக்குதல் மாறியது, மின்நிலையங்களையே அடிக்க ஆரம்பித்தார்கள். மார்ச் 22-ஆம் தேதி கார்கிவ் பக்கத்து ஸ்மீவ் அனல்மின் நிலையம் அழிந்தது, ஏப்ரல் 11-இல் கீவ் அருகே இருந்த ட்ரிபில்யா. அந்த சில மாதங்களில் போனது சுமார் 9,000 மெகாவாட். இதை யோசித்துப் பாருங்கள், ஐரோப்பாவிலிருந்து உக்ரைன் இறக்குமதி செய்ய அப்போது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 1,700 மெகாவாட்தான், 2024 டிசம்பரில்தான் 2,100 ஆனது. 6,000 மெகாவாட் சபோரிஜ்ஜியா அணுமின் நிலையமோ 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவின் கையில். அதனால் உதவி வீணாகிறது என்று நினைக்காதீர்கள். அந்த உதவி இல்லையென்றால் இப்போது வரும் சில மணி நேரக் கரண்ட்டும் வராது.

பணம் கொடுத்தால் யாராவது சாப்பிட்டுவிடுவார்களோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். நியாயமான பயம்தான்: 2025 நவம்பரில் அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டம் ஒப்பந்தங்களில் சுமார் 10 கோடி டாலர் கமிஷன் புரண்டதாக அங்குள்ள ஊழல் தடுப்பு அமைப்பே வழக்கை வெளியே கொண்டுவந்தது, எரிசக்தி அமைச்சர் பதவி விலக வேண்டிவந்தது. ஆனால் எல்லா உதவியும் ஒரே குழாயில் போவதில்லை. வியன்னாவில் இருக்கும் எனர்ஜி கம்யூனிட்டி செயலகம் 2022-லிருந்து நடத்தும் உக்ரைன் எரிசக்தி ஆதரவு நிதியில், மின் நிறுவனங்கள் தேவைப் பட்டியல் கொடுக்கும், உக்ரைன் அமைச்சகம் அதைச் சரிபார்க்கும், கொள்முதல் அந்த இருவர் கையிலும் இல்லாமல் வெளியே நடக்கும், காசு பொருள் கொடுத்தவருக்கே போகும். எனக்கு இந்த முறை மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அது அரசாங்கங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்குமான வழி, உங்கள் 9,000 யூரோவுக்கு அது இடமில்லை. அதன் புத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டியல் அங்கிருந்து வரட்டும், பணம் கடைக்குப் போகட்டும்.

சரி, ஜெனரேட்டருக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியனிடம் பேசுங்கள், இயக்குநரிடம் பேசினால் மட்டும் போதாது. எதை ஓட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டர், வென்டிலேட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள், கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்க் குழாய்களின் பம்ப்பைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது அந்த பம்ப் நின்றால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும், அப்புறம் கரண்ட் வந்தாலும் கட்டடத்தில் நோயாளிகளை வைத்திருக்க முடியாது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்காக ரொம்பப் பெரிசாகவும் வாங்காதீர்கள். டீசல் ஜெனரேட்டரைக் குறைந்த லோடில் ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் கரியாகப் படிந்து இன்ஜின் கெட்டுப்போகும். மின்னழுத்தம், 50 ஹெர்ட்ஸ், பிளக் எல்லாம் ஜெர்மனி மாதிரியேதான், அது ஒரு நிம்மதி.

ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டுமே. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் குடிக்கும். 30 கிலோவாட் லோடு, தினம் 10 மணி நேரம் என்றால் 90 லிட்டர், மாதம் 2,700. ஒரு குளிர்காலத்து டீசல் செலவு ஜெனரேட்டர் விலையையே தாண்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால் 9,000-ஐயும் இயந்திரத்துக்கே கொட்டாதீர்கள், கொஞ்சம் சின்னதாக வாங்கி மீதியை டீசலுக்கும் ஃபில்டருக்கும் ஆயிலுக்கும் வையுங்கள். டீசலும் குளிர்காலத்துக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், சாதாரணமானது உறைபனியில் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச், அதாவது வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே கட்டடத்தோடு இணைக்கும் ஸ்விட்ச், இல்லாமல் அனுப்பாதீர்கள். அது இல்லாமல் கட்டடத்தின் வயரிங்கில் நேராக மாட்டினால் ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி வெளி லைனுக்கு ஏறும். அந்த நேரத்தில் தெருமுனையில், குண்டு விழுந்த சில மணி நேரத்திலேயே, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைத்துக்கொண்டிருப்பார் ஒரு லைன்மேன். ஏற்கனவே இந்தப் போரில் பழுதுபார்க்கப் போன மின் ஊழியர்கள் பலர் இறந்திருக்கிறார்கள்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக: மாடல், எண்ணிக்கை குறிப்பிட்டு ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் கடிதம் வாங்குங்கள், மனிதாபிமான உதவியாக அவர்கள் பக்கமும் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லையில் நிற்கும். சர்வீஸ் ஆள் கார்கிவ்விலேயே கிடைக்கும் பிராண்டாகப் பாருங்கள். அதையும் அந்த எலக்ட்ரீஷியனிடமே கேளுங்கள், எந்த ஃபில்டர் அங்கே கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியும்.