முனீஸ்வரனுக்குச் சுருட்டு படைப்பது ஏன்? புகையிலைக்குத் தெய்வ சக்தி உண்டா? கைக்குழந்தை மேல் புகை ஊதலாமா?

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே முனியாண்டி (முனீஸ்வரன்) கோயில். கோயில் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சூலம், அவ்வளவுதான்.

'சித்தர்கள் வகுத்த ஆதி முறை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து, 1617-இல் ஜஹாங்கீர் தடை போடும் அளவுக்குப் பரவியது. படையலில் சுருட்டு ஏறியது அது வந்த பிறகுதானே? ராக்காவல்காரனுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் காவல் தெய்வத்துக்கும் வைத்தார்கள் என்பது என் கணிப்பு.

எங்கள் சாமியாடித் தாத்தா பகலில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். வெள்ளிக்கிழமை ராத்திரி உடுக்கைச் சத்தம் ஏற ஏற உடம்பு உதறும். "சுருட்டு எங்கடா?" என்று அதட்டல் வரும். பற்ற வைத்துக் கொடுத்ததும் நாலு இழுப்பு இழுத்து, வந்தவர் உச்சியில் ஊதி, வேப்பிலையால் அடித்து, திருநீறு போட்டு, எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கச் சொல்வார். சாமி மலையேறிவிட்டால் சுருட்டைத் தொடமாட்டார். மற்ற நாளெல்லாம் வெறும் வெற்றிலைதான். ஆக, எங்களுக்குச் சுருட்டு சாமியின் பங்கு. குணமாக்குவது திருநீறு என்றுதான் ஜனம் நம்பியது.

பெரு நாட்டு அமேசான் வைத்தியர்கள் சிலருக்கோ புகையிலைச் செடியே குரு. அவர்கள் ஊதும் மாப்பாச்சோ நம் சிகரெட் இலையைவிட நிக்கோட்டின் மிகுந்த வேறு இனம். சாறாகவும் குடிக்கிறார்கள், அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலர் ஒரு சிட்டிகையை மண்ணிலோ நெருப்பிலோ இட்டு வேண்டிக்கொள்வதோடு சரி. புகைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

இங்கேயே பாருங்கள், சீனர்கள் சாலையோரச் சிவப்பு மாடத்தில் கும்பிடும் மலாய்க் காவல் தெய்வமான டத்தோ கோங்குக்கும் ரோக்கோ டாவுன் எனும் இலைச் சுருட்டு உண்டு, வெற்றிலை பாக்கு உண்டு. பன்றி இறைச்சி மட்டும் ஆகாது. எங்கள் அம்மாவும் வேலைக்குப் போகிற வழியில் அங்கே ஒரு கும்பிடு போடுவார்.

புகையிலையின் சக்தியை நான் நேரில் பார்த்தது அட்டையிடம்தான். ஈரத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள். ஏறின அட்டையும் சுருண்டு விழும்.

கைக்குழந்தை மேல் ஊதவே வேண்டாம். எங்கள் கோயிலில் பச்சைப்பிள்ளையைத் தூக்கி வந்தால் தாத்தா கையிலிருந்து சுருட்டை யாராவது வாங்கி வைத்துவிடுவார்கள். திருநீறு மட்டும்தான். அதற்காகச் சாமி கோபித்துக்கொண்டதே இல்லை.