துப்பாக்கிக் குழல் கறுத்தால் கிளீனர் பாட்டில் வேண்டாம், தண்ணீர் போதும்

கேள்வி: வாய்வழியாகக் கரிமருந்து போட்டுக் கெட்டிக்கும் 50 காலிபர் (அரை அங்குலக் குழல்) கேப் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறேன்; சுத்தியல் தட்டினால் பொறி விடும் சிறு உலோகக் குப்பிதான் கேப். இலக்கு வைத்துச் சுடுவதற்கு மட்டும்தான். நான்காவது, ஐந்தாவது குண்டைக் கெட்டிக்கும்போது அது பாதிக் குழலிலேயே நின்றுவிடுகிறது. கடையில் சொன்னபடி குழலைப் பதப்படுத்தும் பசை, குண்டைச் சுற்றிப் போடும் துணியில் தடவ ஒரு திரவம், குழல் கழுவ இன்னொரு திரவம் என மூன்றும் வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துத் துணி விட்டுப் பார்த்தால் பழுப்பாக வருகிறது. எந்த மசகு, எந்தக் கிளீனர் சரி?

பதில்: உங்கள் கடைக்காரர் நன்றாக வியாபாரம் செய்திருக்கிறார். மூன்றில் இரண்டு உங்களுக்குத் தேவையே இல்லை. மிச்சமுள்ள பசையைத் தப்பான வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

கரிமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும்: 75, 15, 10 என்ற கணக்கு. அது எரியும்போது முழுதும் வாயுவாகிவிடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையோடு போகும், மீதி குழலில் படியும். அந்தப் படிவில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும், தண்ணீரில் கரையும். இதற்கு மேல் வேதியியல் உங்களுக்குத் தேவையில்லை. கழுவுவதற்குத் தண்ணீரைவிட நல்லது எதுவும் இல்லை. மசகின் முக்கிய வேலை, அடுத்த குண்டு இறங்கும் வரை அந்தப் படிவு காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்வது. குண்டை வழுக்க வைப்பது அதற்கு அடுத்ததுதான்.

அதனால்தான் என்ஜின் ஆயிலும் வண்டி கிரீஸும் கூடாது என்கிறோம். கரிமருந்தின் சூட்டில் அவை படிவோடு சேர்ந்து கறுத்த பிசினாகிவிடும். அப்புறம் தண்ணீருக்கும் அசையாது. இலக்குச் சுடுதலுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடைசல் பட்டறையில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் கரையும் எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் ஆறேழு பங்கு. துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மட்டமாக விரித்துக் காய வையுங்கள். தொங்கவிட்டால் எண்ணெயெல்லாம் கீழ் ஓரத்துக்கு இறங்கிவிடும். காய்ந்ததும் வெட்டி டப்பாவில் போட்டு வைத்தால் அதுவே மசகுத் துணி. இல்லையென்றால் தேன்மெழுகு ஒரு பங்கு, உப்புச் சேர்க்காத ஆட்டுக்கொழுப்பு மூன்று பங்கு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்துகொள்ளுங்கள். வெயில் காலத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டலாம். உப்பு மட்டும் இருக்கவே கூடாது.

துணி பருத்தியாகவோ லினனாகவோ இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் குழலில் ஒட்டும். புதுத் துணியென்றால் கஞ்சி போகத் துவைத்துவிட்டு வெட்டுங்கள். சுட்ட பிறகு பத்துப் பதினைந்து அடி முன்னால் போய் அந்தத் துணியைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கறுத்த வட்டம், ஓரம் பிய்ந்து விரிந்த வெள்ளை என்றால் எல்லாம் சரி. குண்டு உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கருகி ஓட்டையாகியிருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லிசு. அந்தக் கருகிய துணி சொல்வதை எந்த லேபிளும் சொல்லாது.

குண்டு பாதியில் நிற்பதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரத் துணி ஒன்றைக் குழலின் அடி வரை மெதுவாக ஒரே தடவை விட்டு எடுங்கள். அதையே திருப்பிப் போட்டு இன்னொரு தடவை, அப்புறம் காய்ந்த துணி ஒன்று. ஈரம் என்றால் பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் கரைந்த கறுப்பெல்லாம் அடிக்கு இறங்கி, கேப்பின் நெருப்பு போகும் துளையை அடைக்கும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பொறியும் இதில் அணையும்.

இனி அந்தப் பதப்படுத்தும் பசை. வார்ப்பிரும்புச் சட்டியைப் பழக்குவது போலத் துப்பாக்கிக் குழலையும் பழக்கலாம் என்று யாரோ ஒருவர் விற்பதற்காகச் சொன்னார். இன்று வரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய குழல் எஃகு. அதில் எண்ணெய் குடித்துக்கொள்ளத் துவாரம் எதுவும் இல்லை. நீங்கள் அடுக்கடுக்காய்ப் பூசுவது குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகளுக்கு இடையில் தங்கி, அடியில் இருக்கும் உப்பை மூடி வைக்கிறது. துருவுக்கு வசதியான இடம். அந்தப் பசையைத் துணி மசகாகப் பயன்படுத்தலாம், தப்பில்லை. மாதக்கணக்கில் குழலைக் காப்பாற்றும் என்று நம்பி வைக்காதீர்கள். உங்கள் பழுப்பு பெரும்பாலும் இதிலிருந்தும் கொதிநீரிலிருந்தும்தான் வருகிறது. கொதிநீர் உலோகத்தைச் சூடாக்கி, காயும்போதே மெல்லிய துருவை விட்டுப் போகும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

அந்தக் குழல் கழுவும் திரவத்தில் என்ன இருக்கிறது? பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல பாட்டில்களில் இருக்காது. துப்பாக்கி தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்தால் தங்கள் பெயர் போட்ட கிளீனரையே வாங்கச் சொல்கிறார்கள். கேட்டால் வாரண்டி என்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீர், சோப்பு, கொஞ்சம் ஆல்கஹால், நல்ல வாசனை, அவ்வளவுதான். இதைக் கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் எரிச்சல். இதைவிட மோசம், வீட்டிலேயே கலந்துகொள்ளச் சொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவை. நுரைத்துக்கொண்டு கறுப்பைத் தள்ளும். பார்க்க ஜோராக இருக்கும். ஆக்சிஜன் விடும் பொருளை இரும்புக் குழலில் ஊற்றிவிட்டு, துரு ஏன் வந்தது என்று கேட்பவர்கள் எனக்கு நிறைய எழுதுகிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு. பிளாக்ஹார்ன் 209 என்று ஒரு மாற்று மருந்து வருகிறது. உங்கள் கேப் துப்பாக்கிக்கு அது பொருந்தாது, 209 பிரைமர் என்ற, கேப்பைவிட வலுவான தீக்கொளுத்தி போடும் புது வகைத் துப்பாக்கிகளுக்கானது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தரகர்கள் எல்லா மருந்தையும் 'கரிமருந்து மாதிரிதான்' என்று கையில் திணிக்கிறார்கள். அது மாதிரி இல்லை. அதன் அடிப்படை, புகையில்லா மருந்தில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ். படிவு தண்ணீரில் கரையாது. நான் மேலே சொன்ன கழுவல் அதற்குச் செல்லாது, எண்ணெய் வகைக் கரைப்பான்தான் வேண்டும். நாளைக்கு நண்பரின் துப்பாக்கியைக் கழுவித் தரும்போது எந்த மருந்து சுட்டது என்று முதலில் கேளுங்கள். பைரோடெக்ஸ் என்ற இன்னொரு மாற்று மருந்து என்றால் தண்ணீர்தான், ஆனால் அன்றைக்கே. அதில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

சரி, கழுவும் முறை. கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, அதே நீளத்தை வெளியே வைத்து அளந்து, குழல் காலி என்று உறுதி செய்யுங்கள். கேப்பைப் பொருத்தும் சிறு முனையான நிப்பிளைக் கழற்றுங்கள். குழலைக் கட்டையிலிருந்து பிரிக்க முடிந்தால் அடியை வாளித் தண்ணீரில் நிறுத்தி, இறுக்கமான துணியால் பம்ப் அடிப்பது போல மேலும் கீழும் இழுங்கள். இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போதும். தெளிந்த தண்ணீர் வரும் வரை மாற்றுங்கள். காய்ந்த துணி, பிறகு ஆல்கஹால் துணி ஒன்று, கடைசியில் துரு தடுக்கும் துப்பாக்கி எண்ணெய். இந்த இடத்தில் பெட்ரோலிய எண்ணெய் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் சுடும் முன் எடுத்துவிடப் போகிறோம். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் திரும்பவும் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கும் இதே துணிதான். குழலில் கெட்டியாக எண்ணெய் பூசிக் கொண்டுவரும் தரகரிடம், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடியில் குழி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சுடப் போகும்போது எண்ணெயைக் காய்ந்த துணியாலும் ஆல்கஹாலாலும் எடுத்துவிடுங்கள். மருந்து போடுவதற்கு முன் குழல் வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு அருகே பிடித்து வெறும் கேப் இரண்டு தட்டுங்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் நிப்பிளைக் கழற்றித் துளையைக் குத்தி எடுத்த பிறகுதான் மருந்துப் பக்கம் போக வேண்டும்.