ஆன்லைன் வகுப்பு தொடங்க யாருக்கும் பணம் கட்டாதீர்கள், டீச்சர்

கேள்வி: நங்கநல்லூரில் சொந்த வீடு. அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் தாராளமாகப் போதும். வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கலாமே என்று அக்கா பையன் எட்டு மாதமாகச் சொல்கிறான். ஆசை இருக்கிறது, தொடங்கத்தான் மனம் வரவில்லை. இது சோம்பலா? பென்ஷனுக்குச் சிக்கல் வருமா? 18,000 ரூபாய் கட்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, சான்றிதழ், பத்து மாணவர்கள் எல்லாம் ஏற்பாடு செய்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். முன்பணம் கூட வேண்டாம்.

இது சோம்பல் இல்லை. ஒரு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட அதே ஒரு ரூபாய் கைவிட்டுப் போகும் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே விளக்கினார்கள். ‘இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இந்த வலியைத் தெரிந்துதான். ஆடிட்டராக என் மேஜைக்கு எதிரே நான் பார்ப்பதும் இதுதான். கடன் இருப்பவர் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார். சொந்த வீடும் பென்ஷனும் இருப்பவர் ஒரு வருடம் சுற்றிச் சுற்றி வந்து விசாரிக்கிறார்.

உங்கள் விஷயத்தில் வலி பணத்தில் இல்லை என்று நினைக்கிறேன். காய்கறிக் கடைக்குப் போனால் நாலு பேர் ‘வணக்கம் டீச்சர்’ என்கிறார்கள். அந்தப் பெயரோடு போய் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுப் பையன் ‘ஆன்ட்டி, நீங்க மியூட்ல இருக்கீங்க’ என்று சொல்வதைக் கேட்க வேண்டும். 33 ஆண்டு கரும்பலகைக்கு முன் நின்றவருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

அந்தக் கூச்சத்தைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறார். உங்களிடம் பணம் இருக்கிறது, தெரியாத இடத்தில் தடுமாற மனமில்லை. ‘எல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம்’ என்ற ஒரு வார்த்தை அங்கே போதும். போன வருடம் ஓர் அம்மா பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு தாளை எடுத்து வந்தார். லேமினேட் செய்து, ஓரத்தில் தங்க நிறப் பட்டை ஒட்டியிருந்தது. 12,000 ரூபாய் கொடுத்தாராம். அது உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுச் சான்றிதழ். ஆதார் எண்ணும் பான் எண்ணும் மொபைலும் இருந்தால் அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் காசு கொடுத்தது அந்தப் பிளாஸ்டிக் உறைக்கு. வகுப்பெடுக்க அந்தச் சான்றிதழே தேவையில்லை என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜி.எஸ்.டி.யும் இதே கதைதான். தமிழ்நாட்டில் சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு தேவை. பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. தேவையில்லாமல் பதிந்துவிட்டால் ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பூஜ்யக் கணக்கு ஒரு நாள் தாமதமானாலும் 20 ரூபாய், அது நாளுக்கு நாள் ஏறும். அப்புறம் அதைச் சரிசெய்ய அதே ஏஜென்டிடம் மறுபடி போக வேண்டும். இலவசம் என்பதை முதல் பக்கத்திலேயே நல்ல தமிழில், பெரிய எழுத்தில் போட இந்தத் துறைகளுக்கு என்ன கஷ்டம்? ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. பாதி ஏஜென்டுகளை உருவாக்கி வைத்திருப்பதே இந்த இணையதளங்கள்தான்.

பென்ஷனுக்கு வருவோம். டியூஷன் வருமானத்தால் உங்கள் பென்ஷன் குறையாது. ‘டீச்சர் டியூஷன் எடுக்கக் கூடாது’ என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு. பணியில் இருக்கும் ஆசிரியருக்குத்தான் அந்தத் தடை, ஓய்வு பெற்றவருக்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்வியாண்டின் நடுவில் வயது முடிந்து, ஆண்டு இறுதி வரை மறுநியமனத்தில் வகுப்புக்குப் போகிறவர் இன்னும் பணியில் இருப்பவர்தான். வீட்டில் ஓய்வு விழா நடந்திருக்கலாம், மாலையும் போட்டிருக்கலாம். பள்ளி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் கடைசி நாள் வரை தடை உண்டு. உங்கள் தோழிகள் யாராவது அந்த நிலையில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

வருமான வரி சுலபம். டியூஷன் வரவையும் காட்ட வேண்டும். இதுவரை போட்ட ஐ.டி.ஆர்-1 படிவம் அதற்குச் சரிப்படாது, ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தயக்கத்தை எப்படிப் போக்குவது? லாபத்தைக் காட்டி அக்கா பையன் எவ்வளவு சொன்னாலும் அது போகாது. தோற்றாலும் வலிக்காத அளவுக்கு ஆரம்பத்தைச் சின்னதாக்குங்கள். வெளிநாட்டு மாணவர்கள் பிறகு வரட்டும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து யு.பி.ஐ.யை அதோடு மட்டும் இணையுங்கள். பென்ஷன் வரும் கணக்கை இதில் இழுக்கவே வேண்டாம். பணம் வாங்குவதற்கு ‘பின்’ எனும் ரகசிய எண் போடத் தேவையில்லை. ‘ஃபீஸ் அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் தள்ளிப்போடாமல் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள்.

முதல் வகுப்பு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, காசு வாங்காமல். அவன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும், நீங்கள் உங்கள் சாப்பாட்டு மேஜையில். போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரே ஒரு பின்னக் கணக்கு போட்டுக் காட்டுங்கள். குரல் கேட்கவில்லை என்றால் அவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்திச் சொல்லிவிடுவான்.