எழுதுபவரே ஒப்புதலும் தரலாமா?

வணக்கம். உங்கள் மன்னார்குடி அரிசி ஆலையில், நெல் கொள்முதல் மென்பொருளில் மாற்றத்தை எழுதுபவரும், ஒப்புதல் தருபவரும், சர்வரில் ஏற்றுபவரும் ஒருவரே என்று தணிக்கையாளர் குறை எழுதியிருப்பதாகவும், கணினிப் பிரிவில் இருப்பதே இருவர்தான் என்றும் கூறி, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

எழுதுவதையும் ஏற்றுவதையும் முதலில் பிரியுங்கள். ஈரப்பதத்துக்கான பிடித்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை மாற்றுபவரே அதை யாரும் பார்க்காமல் நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தால், விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை ஒரே வரியில் குறைந்துவிடும். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், நாளை தகராறு எழும்போது அதை நிரூபிக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே இந்த ஏற்பாடு அவருக்கும் பாதுகாப்புதான். ஒருவர் எழுத, மற்றவர் சோதித்து ஏற்றட்டும். எழுதுபவரிடம் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் இருக்கக் கூடாது. ஒப்புதலைக் கொள்முதல் மேலாளர் தரட்டும். அவருக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. ஒரே லோடு நெல்லுக்குப் பழைய சூத்திரத்திலும் புதியதிலும் வரும் தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பில் பணிப் பிரிப்பு 5.3ஆம் கட்டுப்பாடாகவும், மாற்ற மேலாண்மை 8.32ஆம் கட்டுப்பாடாகவும் உள்ளன. சிறு நிறுவனத்தில் முழுமையாகப் பிரிக்க இயலாதபோது கண்காணிப்பு, செயல்பாட்டுப் பதிவுகள், மேலாளரின் மேற்பார்வை ஆகியவற்றால் ஈடுகட்டலாம் என்பதை அதன் துணை வழிகாட்டியான ஐஎஸ்ஓ 27002 தரநிலையே ஏற்கிறது. தணிக்கையாளரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஒருவர் விடுப்பில் இருக்கும்போது அவசர மாற்றம் தேவைப்பட்டால், கடவுச்சொல்லை முதலாளியிடமிருந்து பெற்றுச் செய்துவிட்டு உடனே அதை மாற்றிவிடவும், விடுப்பில் இருந்தவர் திரும்பியதும் சரிபார்த்துக் கையெழுத்திடவும் வேண்டும். செயல்பாட்டுப் பதிவை அழிக்கும் உரிமை இருவருக்குமே வேண்டாம். சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் அவசரமற்ற மாற்றங்கள் அனைத்தையும் நிறுத்திவையுங்கள்.